காக்காவின் பிஸ்கட் டப்பா

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கடலுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகக் கூடாது. 2001-இல் ஆரம்பித்தபோது 45 நாள்தான் இருந்தது, 2017-இலிருந்து 61 நாளாக்கிவிட்டார்கள். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் எங்கே போனாலும் படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதையும் பெயின்ட் அடிப்பதையும் பார்க்கலாம், பேப்பர்காரர்களும் வருஷா வருஷம் அதைப் படம் பிடித்துப் போடுவார்கள். அந்த இரண்டு மாதம் ஐஸ் பிளான்ட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் பதினாறு வருஷமாக அதற்குள்தான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வேலையில் முக்கால்வாசி தடைக்காலத்தில் தெரிந்துகொண்டது. இதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

ஐஸ் பிளான்ட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அதுதான் பிரைன். உப்பு கலந்த தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது, அதனால் மைனஸ் எட்டு, மைனஸ் பத்து வரை குளிரவைத்தாலும் தண்ணீராகவே ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை வரிசையாக இறக்கிவைத்தால் கேனுக்குள் இருப்பது ஐஸ் பாராகிவிடும், எங்கள் கேனுக்குப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பிரைனைக் குளிரவைப்பது அமோனியா. அது சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கும்போது சுற்றியிருக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளும், கம்பரசர் அந்த ஆவியை உறிஞ்சி அழுத்தி வெளியே கண்டன்சருக்குத் தள்ளும், அங்கே தண்ணீர் பட்டு அது திரும்பத் திரவமாகி, சேர்த்துவைக்கிற தொட்டியான ரிசீவருக்கு வரும். இவ்வளவுதான் சுற்று. நாம் வீட்டு ஏசியை ஒரு டன், ஒன்றரை டன் என்கிறோமே, அந்த டன் கணக்கே ஒரு நாளில் ஒரு டன் ஐஸ் பிடிக்கத் தேவையான குளிர்ச்சியை வைத்து வந்ததுதான்.

இதெல்லாம் எனக்கு ஐடிஐயிலேயே தெரியும், படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பேன். அந்தத் தைரியத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ராத்திரி இரண்டு கம்பரசரும் ஓடுகிற சத்தத்தில், அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்த்து எழுதச் சொன்ன எண்ணை எழுதியதைத் தவிர எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எந்தச் சத்தம் சரியான சத்தம், எது கோளாறு என்று யாரிடம் கேட்பது? கேட்டாலும் கத்தித்தான் கேட்க வேண்டும், அவரும் கத்தித்தான் பதில் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அனுமதி டோக்கன் போட்டுப் படகு கிளம்புவதற்கு முன்னால் ஐஸ் ஏற்ற வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு புதுப்பையன் பக்கத்தில் வந்து "இந்த வால்வு எதுக்குண்ணே" என்று கேட்டால் யாருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் இருக்காது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஓடுகிற மெஷினை நிறுத்த முடியாது, நிற்காத மெஷின் முன்னால் சொல்லித்தரவும் முடியாது.

எங்கள் பிளான்ட்டில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். கீழக்கரைப் பக்கம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் பிளான்ட்டில் ஐஸ் உடைக்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் காக்காதான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவர். கம்பரசர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கேஜைப் பார்க்க மாட்டார். சிலிண்டர் ஹெட் ஒவ்வொன்றிலும் புறங்கையை ஒரு நொடி வைத்து எடுப்பார், உறிஞ்சுகிற பைப்பில் பனி எதுவரைக்கும் பூத்திருக்கிறது என்று பார்ப்பார், ஒரு நீளத் திருப்புளியின் நுனியை பேரிங் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். அதற்கு அப்புறம்தான் கேஜ். அநேகமாக கேஜ் அவர் நினைத்ததைத்தான் காட்டும்.

நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "காக்கா, ஆயில் எப்படி இறக்கணும், படிப்படியா சொல்லுங்க." அவர் சொன்னார்: "வால்வ அடைக்கணும், கீழ் வால்வ மெதுவா திறக்கணும், ஆயில் வந்ததும் மூடணும், அவ்வளவுதான்ப்பா." எழுதிக்கொண்டேன். மூன்று வரி.

அந்த வருஷத் தடைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, அந்த மூன்று வரியை நம்பி நான் ஆயில் இறக்கப் போனேன். கம்பரசரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் அமோனியாவோடு போய்க்கொண்டே இருக்கும். அமோனியாவோடு அது கலக்காது, அதைவிடக் கனம், அதனால் அடியில் தங்கிவிடும். அதை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். கீழ் வால்வை மெதுவாகத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் அரைச் சுற்று திறந்தேன். வரவில்லை. அடுத்த அரைச் சுற்றுக்குக் கையை முறுக்கும்போது பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார் காக்கா. அவ்வளவு இறுக்கமாக அவர் யாரையும் பிடித்து நான் பார்த்ததில்லை.

"வரலைன்னா திறக்காதப்பா. வரலைன்னா மூடு."

மூடினோம். அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார். குளிரில் ஆயில் உறைந்த நெய் மாதிரி வாயில் அடைத்துக்கொண்டு நிற்கும். நாம் திறந்துகொண்டே போவோம், அது ஒரு நேரத்தில் சட்டென்று விட்டுவிடும், ஆயில் வந்த சூட்டோடு பின்னாலேயே அமோனியா திரவமாகப் பாயும், அப்போது வால்வு முழுதாகத் திறந்து கிடக்கும், மூட நம் கை அங்கே போகாது. அதனால் வரவில்லை என்றால் மூடிவிட்டு அது இளகக் காத்திருக்க வேண்டும். திறந்த வால்வை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. நிற்கும்போது கதவு நமக்குப் பின்னால் இருக்க வேண்டும், வால்வுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நிற்கக் கூடாது.

நான் கேட்டேன், "இதையெல்லாம் ஏன் காக்கா அன்னைக்குச் சொல்லல?" அவர் யோசித்துப் பார்த்து, "நீ இப்படித் திறப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றார்.

அந்தப் பதிலை நான் ரொம்ப வருஷம் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. வரவில்லை என்றால் மூட வேண்டும் என்பது அவருக்கு ஒரு செய்தியே இல்லை, மூச்சுவிடுவது மாதிரி. கேள்வி கேட்டால் அது வெளியே வராது. ஒருத்தன் தப்பாகச் செய்வதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் அவருக்கே அது தனக்குத் தெரிந்த விஷயம் என்று தெரிகிறது. அப்படிப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரே இடத்தில், அவசரம் இல்லாமல், ஒரே வேலையில் கை வைத்திருக்க வேண்டும்.

பிற்பாடு ஒரு ஜப்பான் கதை படித்தேன். 1980-களில் மட்சுஷிதா கம்பெனி வீட்டில் பிரெட் சுடுகிற மெஷின் ஒன்று செய்யப் பார்த்தது. மாவு சரியாகப் பிசைபடவில்லை, மேலே வெந்துவிடும், உள்ளே வேகாது. நல்ல பேக்கரி மாவையும் மெஷின் மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் அந்தக் குழுவில் இருந்த சாஃப்ட்வேர் ஆள், இகுகோ தனாகா என்ற பெண், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டல் தலைமை பேக்கரிடம் போய்ப் பக்கத்தில் நின்று வேலை கற்றார். அந்த பேக்கர் மாவை இழுக்கும்போது கூடவே ஒரு முறுக்கும் முறுக்குகிறார் என்பது அவர் கண்ணில் பட்டது. பேக்கர் அதை வாயால் சொல்லியிருக்கவில்லை. மெஷினுக்குள் அந்த முறுக்கு விழுகிற மாதிரி மேடுகள் வைத்தார்கள், 1987-இல் மெஷின் கடைக்கு வந்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்த பேக்கரின் முகமெல்லாம் காக்கா முகமாகத்தான் தெரிந்தது.

சரி, டப்பாவுக்கு வருகிறேன்.

தடைக்காலத்தில் பிரைனை நிறுத்தி, அமோனியாவை ரிசீவருக்குள் இழுத்து அடைத்துவிட்டு, கம்பரசரைக் கழற்றுவோம். ஹெட்டைத் தூக்கி, வால்வு பிளேட்டை எடுத்து, பிஸ்டனை வெளியே இழுத்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி ஒரு சாக்கின் மேல் வரிசையாக அடுக்குவோம். அப்போதுதான் காக்கா தன் பிஸ்கட் டப்பாவை எடுத்து வருவார். பழைய சதுரத் தகர டப்பா, மூடியில் படம் அழிந்துபோயிருக்கும். உள்ளே முழுக்க உடைந்த சாமான். பழுதானதை மாற்றும்போதெல்லாம் உடைந்ததைத் தூக்கி எறியாமல் துடைத்து அதில் போட்டுவைப்பார். தேய்ந்த ரிங், ஒரு பக்கம் மட்டும் கறுத்த பேரிங் ஓடு, நூல் மழுங்கிய போல்ட், இரண்டாக உடைந்த ஸ்பிரிங்.

நான் சேர்ந்த முதல் வருஷம் ஒரு கேஜ் லைனில் பைப்பை இணைக்கப் பித்தளை நிப்பிள் ஒன்றைப் போட்டுவிட்டேன். அளவு சரியாக இருந்தது, கடையில் அதுதான் கிடைத்தது. அமோனியா ஓடுகிற இடத்தில் செம்பும் பித்தளையும் ஆகாது, அரித்து வெடிப்பு விட்டுவிடும், எல்லாம் இரும்புதான் போட வேண்டும். இது புத்தகத்திலும் இருக்கிறது, நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் கையில் பித்தளை நிப்பிளும் அவசரமும் இருக்கும்போது பரீட்சை ஞாபகம் வரவில்லை. காக்கா திட்டவில்லை. டப்பாவைத் துழாவி ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளைதான், ஆனால் மேலெல்லாம் நீலமும் பச்சையும் கலந்த பொருக்கு, நடுவில் முடி அளவு ஒரு கீறல். நகத்தை அந்தக் கீறலில் வைத்து நெம்பினேன், காய்ந்த சுள்ளி மாதிரி ஒடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பித்தளை போட்டதில்லை.

அதைவிடப் பெரிய பாடம் வால்வு பிளேட். கம்பரசருக்குள் ஆவி போகவும் வரவும் திறந்து மூடுகிற மெல்லிய வட்டத் தகடு. டப்பாவில் அது ஏழெட்டு இருந்தது, எல்லாம் உடைந்தது. ஒரு தடைக்காலத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதையெல்லாம் சாக்கின் மேல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, "என்ன தெரியுது சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை. "எல்லாம் ஒரே ஓரத்துல உடைஞ்சிருக்கு பாரு. தகடு தரமில்லாததா இருந்தா கண்ட இடத்துல உடையும். இது அடிபட்டு உடைஞ்சது." அடி எங்கிருந்து வந்தது? ரிசீவரிலிருந்து குளிரவைக்கிற பக்கத்துக்குத் திரவ அமோனியாவை அளந்து விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வைத் தேவைக்கு மேல் திறந்துவைத்தால் அமோனியா முழுதாக ஆவியாகாமல் திரவமாகவே கம்பரசருக்குள் வந்துவிடும். ஆவியை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது, அது தகட்டில் சுத்தியல் மாதிரி இடிக்கும். ஐஸ் சீக்கிரம் பிடிக்கட்டும் என்று ராத்திரி ஷிப்டில் யாரோ வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவைக்கிறார்கள், பழியோ தகடு விற்ற கடைக்காரர் மேல். இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஏழெட்டு உடைந்த தகடும் நாலைந்து வருஷமும் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு தகட்டை மட்டும் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

மேலிருந்து கீழேதான் வேலை இறங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அமோனியா வாடையிலேயே கிடப்பவர்களுக்கு மூக்கு பழகிவிடும், லேசான கசிவு தெரியாது. எட்டு மணி நேர வேலைக்கு அமோனியா அளவு பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு, 300 ஆனால் உடனே உயிருக்கு ஆபத்து. இடையில் இருக்கிற தூரத்தை மூக்கு மட்டும் நம்பி அளக்க முடியாது. அதனால் காக்கா புதிதாக வந்த பையனைத்தான் முதலில் உள்ளே வாசலில் நிறுத்திக் கேட்பார், "வாடை எந்தப் பக்கம் வருது?" பையன் கை காட்டுகிற பக்கம் கந்தகக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு போவார், கசிவுக்குப் பக்கத்தில் போனதும் வெள்ளையாகப் புகை எழும். வந்து இரண்டு நாள் ஆன பையனின் பேச்சுக்கு முப்பது வருஷ ஆபரேட்டர் காது கொடுக்கிறார் என்றால் அந்தப் பையன் மறுநாளிலிருந்து எதையும் கேட்கப் பயப்பட மாட்டான். நான் பயப்படவில்லை.

மூத்தவர்கள் சொல்லித்தர மாட்டார்கள், தொழில் ரகசியத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அப்படிப்பட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். வால்வைச் சரிசெய்யும்போது பையனை டீ வாங்க அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கையெழுத்தில்லாத வேலை, சம்பளம் வாரக் கூலி, நாளைக்கு வராதே என்று சொன்னால் கேட்க நாதியில்லை. அந்த ஆளிடம் இருக்கிற ஒரே சேமிப்பு அவர் கையில் இருக்கிற வேலை. அதைப் பாதிச் சம்பளத்துக்கு வருகிற பையனுக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவர் எதற்கு? முதலாளிகள் "சொல்லிக்கொடுக்க மாட்டேங்கிறான்" என்று குறைப்படும்போது நான் திருப்பிக் கேட்பது இதுதான்: சொல்லிக்கொடுத்த பிறகும் அவருக்கு இங்கே இடம் உண்டு என்று நீங்கள் எப்போதாவது சொன்னீர்களா?

காக்காவுக்கு நடந்ததும் அதுதான். ஒரு வருஷம், தடைக்காலத்தில் உற்பத்தி இல்லை, சும்மா இருக்கிறவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்று அந்த பிளான்ட்டில் கணக்குப் பார்த்தார்கள். மீனவக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தடைக்கால நிவாரணம் கொடுக்கிறது, ஐஸ் பிளான்ட் வேலையாள் என்ற கணக்கில் எங்களுக்கு அது கிடையாது. எல்லாரையும் ஜூனில் வரச் சொல்லிவிட்டு, ஓவர்ஹாலை வெளியூர் கான்ட்ராக்ட் ஆட்களிடம் விட்டார்கள். அவர்கள் நல்ல வேலைக்காரர்கள்தான், ஒன்பது நாளில் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். போகும்போது அறையைச் சுத்தமாகப் பெருக்கி, வேண்டாத சாமானையெல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போட்டிருந்தார்கள். டப்பாவும் அதோடு போயிருந்தது. எடை போட்டால் நாலு கிலோ இருக்குமா?

காக்கா ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியில் டப்பா இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு பேரிங் பக்கம் போனார். அந்த வருஷம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டார். அந்த 61 நாளைச் சும்மா இருக்கிற நாள் என்று பார்த்தது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. மற்ற பத்து மாதத்தில் நாங்கள் ஐஸ் பிடித்தோம், அந்த இரண்டு மாதத்தில் ஆபரேட்டர் பிடித்தோம். மெஷின் திறந்து கிடக்கும்போது அதன் பக்கத்தில் பழைய கையும் புதுக் கையும் சேர்ந்து இல்லாவிட்டால், ஓவர்ஹால் நடக்கும், ஆள் உருவாக மாட்டான். அடுத்த சீசனில் வால்வு பிளேட் மறுபடி உடைந்தது. புது ஆபரேட்டர் கடைக்காரரைத் திட்டினார்.

நான் இப்போது இருக்கிற பிளான்ட் வேறு. பொறுப்பு என் கையில் வந்ததும் முதலில் கேட்டு வாங்கியது, தடைக்காலத்தில் குறைந்தது நான்கு பேரைச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்வது. இரண்டு பழைய ஆள், இரண்டு புது ஆள். கஷ்டப்பட்டுத்தான் சம்மதம் வாங்கினேன்.

எழுதிவைப்பதையும் நான் விட்டுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வேலை தெரிந்தவர்கள் பட்டாளத்துக்குப் போய்விட, தொழிற்சாலைக்கு வந்த புது ஆட்களுக்குச் சீக்கிரம் வேலை பழக்க டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி என்று ஒரு திட்டம் 1940 முதல் 1945 வரை நடந்தது, பின்னால் அது ஜப்பானுக்கும் போனது. அதில் ஒரு தாள் உண்டு. ஒரு கட்டத்தில் வேலையின் படி, பக்கத்துக் கட்டத்தில் அந்தப் படியில் கை தவறக் கூடாத நுணுக்கம். ஏன் அப்படி என்று மூன்றாவது கட்டம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. நான் அந்த மூன்று கட்டத்தைத் தமிழில் போட்டு, காக்கா வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. ஒரு பழைய வால்வைக் கையோடு கொண்டுபோய் அவர் முன்னால் வேண்டுமென்றே தப்பாகத் திறந்தேன். ஒரு மத்தியானத்தில் ஆயில் இறக்குகிற வேலைக்கு மட்டும் பதினொரு நுணுக்கம் வந்தது. பழைய நோட்டில் மூன்று வரி இருந்த வேலை! அதில் ஐந்தாவது: வரவில்லை என்றால் மூடு. அதற்கு நேராக, நெய் மாதிரி அடைத்திருக்கும்.

அந்தத் தாள் இப்போது கம்பரசர் அறையில் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்குகிறது. தாளைப் படித்தவனை அப்படியே வால்வில் விடுவதில்லை. முதலில் நான் செய்து காட்ட வேண்டும், அப்புறம் அவன் செய்ய வேண்டும், செய்யும்போது ஏன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். தாள் ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான் அதன் வேலை.

போன கச்சான் காற்று சீசனில் ஒரு ராத்திரி இரண்டாவது கம்பரசரில் சத்தம் வித்தியாசமாக இருந்தது. ஷிப்டில் இருந்த பையன், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அதை வாட்ஸாப்பில் பதிவு செய்து எனக்கு அனுப்பினான். எனக்குப் பிடிபடவில்லை, காக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "இதுல இரைச்சல்தான்ப்பா கேக்குது. பையன்ட்ட சொல்லு, போனை வச்சிட்டு ஹெட்டுல ஒவ்வொண்ணா புறங்கையை வச்சுப் பாக்கட்டும். எது கூடச் சுடுதுன்னு சொல்லட்டும்." மூன்று பேரும் லைனில் இருந்தோம். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் பையன் குரல்: "மூணாவதுண்ணே. மத்ததுல வைக்க முடியுது, இதுல வைக்க முடியல."

"நிறுத்தச் சொல்லு" என்றார் காக்கா. கோளாறு, ஆவியை வெளியே விடுகிற டிஸ்சார்ஜ் வால்வு பிளேட்டில். காலையில் கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு பிறை அளவுக்குத் தெறித்திருந்தது.

பையன் அதைத் துடைத்துக்கொண்டு வந்து, எங்கே வைப்பது என்று கேட்டான். அலமாரியில் காலி பால்பவுடர் டப்பா ஒன்று அதற்கென்றே இருக்கிறது, காட்டினேன். போடுவதற்கு முன்னால் அவனாகவே பெயின்ட் பேனாவை எடுத்துத் தகட்டின் மேல் தேதியும், இரண்டாவது கம்பரசர், மூன்றாவது சிலிண்டர் என்றும் எழுதினான். காக்காவின் டப்பாவில் எதிலும் தேதி இருந்ததில்லை. அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.